முன் விளிம்பில் ஒரு விளக்கு

“அதுக்கு இமையே கிடையாதுங்க, நாமளா அணைச்சாத்தான் அதுக்கு ராத்திரி” என்று எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் தன் கணவனிடம் சொன்னாள், அவன் “அப்ப கரண்டு மிச்சம்” என்றான், இருவரும் அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எதிரே இருந்த கண்ணாடியில், தங்கமீன்களுக்கு நடுவே, அவளுடைய பச்சைத் துப்பட்டாவும் அவன் கையில் தண்ணீர் சொட்டுகிற பையும் மிதந்துகொண்டு போயின. மீனுக்கு இமை இல்லை என்பது எனக்குத் தெரியும், கல்லூரியில் விலங்கியல் துணைப்பாடம், தேர்வில்கூட எழுதியிருக்கிறேன், ஆனால் நாமாக அணைத்தால்தான் அதற்கு ராத்திரி என்று யாரும் எழுதச் சொன்னதில்லை. கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இது, தெரு முழுக்க வண்ணமீன் கடைகள், வெளியே வெயில் ரோட்டை வெள்ளையடித்து வைத்திருக்கிறது, உள்ளே நுழைந்தால் ஈர வாடை, மேலே வரிசையாக டியூப்லைட், கீழே அடுக்கடுக்காகத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு விளக்கு, காற்று மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து போடுகிற சத்தம் எங்கோ தூரத்தில் மழை விடாமல் பெய்கிற மாதிரி இருக்கிறது. அப்பா ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முழங்கால்மேல் இரண்டு கைகளும், முதுகு நிமிர்ந்து, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் பயணிகள் சீட்டில் உட்கார நேர்ந்தால் எப்படி உட்காருவாரோ அப்படி, எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக. கடைக்காரர் எபினேசர் “ரெண்டு நிமிஷம் சிஸ்டர், எல்லா லைட்டும் எறக்கிக் காட்டறேன், உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஏணி வைத்துப் பரணில் ஏறியிருக்கிறார், அவருடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. ஏறுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார். தொட்டி எவ்வளவு நீளம், என்ன மீன், செடி இருக்கிறதா. மூன்றடி, ஏஞ்சல் மீன், ஹைட்ரில்லா என்றேன். விளக்கு யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

ஏனென்றால் விளக்கு மீனுக்கு இல்லை. ஹைட்ரில்லாவுக்கும் இல்லை, பள்ளிக்கூடத்தில் அதைப் புனலுக்குள் கவிழ்த்துவைத்து வெயிலில் வைப்பார்கள், குமிழி வரும், நிழலில் வைத்தால் குமிழி குறையும், அதைப் பார்த்துத்தான் நான் தாவரவியல் எடுத்தேன், ஒரு செடி தனக்கு வெளிச்சம் வந்ததைச் சத்தமில்லாமல் சொல்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்பாவும் எதையாவது அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை. ஒரு குமிழி போதும். வலது கண்ணில் முதலில் ஆரம்பித்தது, நடுவில் புகை பிடித்த மாதிரி, பிறகு இடது கண்ணிலும், இப்போது யாரை நேராகப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் போட்டு அழித்த மாதிரி இருக்கும் என்று டாக்டர் எனக்கு ஒரு படம் காட்டினார், படத்தில் ஒரு குடும்பம் நின்றது, நால்வருக்கும் காதும் முடியும் இருந்தன, முகம் இல்லை. அந்தப் படத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை, அப்பாவும் தனக்கு அப்படித் தெரிகிறது என்று எங்களிடம் சொல்லவில்லை. “பேப்பரை நிறுத்திடு, எல்லாம் டிவியில சொல்றான்” என்றார். பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், வெயில் ஜாஸ்தி என்றார், அது மார்கழி. இன்று காலை, சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே, “ஒரு லைட்டு பாரு ஹேமா, சரிப்பட்டா சரி. இல்லன்னா சாயங்காலம் மாடி வீட்டு வரதனை வந்து தொட்டியை எடுத்துக்கச் சொல்லிட்டேன். அவன் பொண்ணு ஆசைப்படுது. கண்ணாடி கழுவ எனக்கும் முடியல” என்றார். பொத்தான் ஒன்று மேலே ஏறியிருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து, எதையோ தேடுகிற மாதிரி அவர் முன்னால் நின்று, அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, “ரெண்டு பேரும் மீன் கடையிலயே குடியிருக்காம சீக்கிரம் வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வரதன் ஐந்து மணிக்கு வருவார். மீன் தொட்டிதானே என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். மீன் தொட்டிதான். பேப்பரும் பேப்பர்தான், டீக்கடையும் டீக்கடைதான். அடுத்தது என்ன என்று என் மனசு வீட்டுக்குள் நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது, சாயங்காலம் மொட்டை மாடி, கடைசித் தெரு வரைக்கும் நடை, என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவது, கடைசியில் ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சுகிறது, அந்த நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, எழுந்துகொள்ளத் தயாராக, எழுந்து எங்கேயும் போகாமல்.

போன மாதம் தொட்டியில் கறுப்பு மோலி மீன் செத்தது. காலையில் நான்தான் பார்த்தேன், வலையில் எடுத்து ரோஜாச் செடி மண்ணில் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், அப்பா பல் தேய்த்துவிட்டு வழக்கம்போலத் தொட்டி முன்னால் போய் நின்றார். மீன்களை அவர் பயணிகளாகத்தான் நடத்துவார். “உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத, உள்ளதான் அவ்வளவு எடம் இருக்கே” என்று அதட்டுவார், இரை போட்ட பிறகு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு “ரைட்” என்பார். அன்றைக்கும் ரைட் என்றார். மோலி எங்கேப்பா என்று கேட்டேன், செத்துவிட்டது என்று சொல்லத்தான் அப்படி ஆரம்பித்தேன், சத்தியமாகச் சோதிப்பதற்கு இல்லை. “அதோ, பின்னால நிக்குது பாரு” என்று கையைக் காட்டினார். கை காட்டிய இடத்தில் காற்றுக் குழாய் இருந்தது. நான் “ஆமாம்ப்பா” என்றேன். அன்று முழுக்க ஆய்வுக்கூடத்தில் அந்த ஆமாம்ப்பா என் காதில் இருந்தது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை, நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து அணுக்களைப் பார்ப்பது, யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை, அதற்காகவே சேர்ந்தேன். அதற்கு அடுத்த வாரம் தொட்டியின் பழைய டியூப் எரிந்துபோனது. தெருமுனை எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு நீல விளக்கை ஒட்டிவிட்டுப் போனார், “கடல் மாதிரி இருக்கும் சார்” என்றார், உண்மையில் அப்படித்தான் இருந்தது, மீன், செடி, கல், தண்ணீர் எல்லாம் ஒரே நீலம், எனக்கே எது எங்கே என்று கண்டுபிடிக்க நேரமாகும். அப்பா அதன் முன்னால் நின்று “நல்லா இருக்கு” என்றார். ரைட் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நிற்பதை விட்டுவிட்டார், இரையை என்னிடம் போடச் சொன்னார்.

எபினேசர் இறங்கி வந்துவிட்டார், கையில் விறகுக்கட்டு மாதிரி விளக்குகள். அப்பாவுக்கு முன்னால் இருந்த தொட்டியின் மூடியைத் திறந்து, அதன் பின் விளிம்பில் ஒன்றை மாட்டினார். “இது பாருங்க, பிங்க். இதுல வெச்சீங்கன்னா சாதா மீன்கூட கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும்.” தண்ணீர் ரோஜா நிறமானது, வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல் மீன்கள் காய்ச்சல் வந்த குழந்தைகள் மாதிரி சிவந்து நின்றன. பச்சைத் துப்பட்டாவின் கணவன் அந்தப் பக்கத்திலிருந்தே, “போன தடவை இந்த லைட்டக் காட்டித்தான் ரெண்டு மீனைத் தள்ளி விட்டீங்க. வீட்டுக்குப் போனா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு” என்றான். “மீனு அதேதான் சார், லைட்டுதான் வேற.” “அப்ப லைட்டையும் பையில போட்டுக் குடுத்திருக்கணும்ல.” எபினேசர் பெரிதாகச் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிக்கிறேன் என்று தெரியாதபடி. அப்பா தொட்டியை நேராகப் பார்த்து “நல்லா இருக்கு” என்றார். அடுத்தது வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை, செடிக்கு இதுதான் சரி என்றார் எபினேசர், அவர் சொன்னது சரிதான், இந்த வெளிச்சத்தில் ஹைட்ரில்லா குமிழி விடும், ஆனால் அப்பாவின் கண்கள் சுருங்கின, இடது கை முழங்காலிலிருந்து அரை அங்குலம் எழும்பித் திரும்ப உட்கார்ந்தது, கண்ணை மறைக்கப் போய் வேண்டாம் என்று விட்டது அது. “நல்லா இருக்கு.” அடுத்தது மஞ்சள் கலந்த வெள்ளை, மேலே பால் நிறத்தில் மூடி போட்டது, கூசவில்லை. “இதுவும் நல்லா இருக்கு.” எபினேசர் என்னிடம் திரும்பி, “அப்பாவுக்கு எல்லாமே புடிச்சிருக்கு. இந்த மாதிரி ஒரு கஸ்டமர் எனக்கு வாய்ச்சதே இல்ல” என்றார். அப்பா சிரித்தார், எபினேசர் முகத்தை நேராகப் பார்த்து, அதாவது எபினேசரின் முகம் இல்லாத இடத்தைப் பார்த்து. அப்பாவின் அந்த நேர்ப் பார்வையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கே சில நாள் வராது. அவர் யாரையும் அப்படித்தான் பார்ப்பார், கண்ணுக்குக் கண், கூட்டமான பஸ்ஸில் கடைசி வரிசை வரைக்கும் அப்படிப் பார்த்தே யார் டிக்கெட் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

கண் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் பார்த்தார். நடுப்பார்வை இனித் திரும்பாது, ஆனால் ஓரப்பார்வை எங்கேயும் போகாது என்று டாக்டர் சொன்னார், இரண்டாவது பாதியை நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கி வைத்திருந்தேன், ஓரம் எங்கேயும் போகாது, ஓரம் எங்கேயும் போகாது. அங்கே பார்வைப் பயிற்சி தருகிற ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். “ஐயா, எழுத்தை நேராப் பாக்காதீங்க. அட்டையை ஒரு கடிகாரம்னு நெனச்சுக்கோங்க. ரெண்டு மணி இருக்கிற எடத்தைப் பாருங்க. இப்ப நடுவுல இருக்கிற எழுத்து ஓரமா வந்து நிக்கும்.” அப்பா இரண்டு மணியைப் பார்த்தார். “க” என்றார். க தான். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவள் அடுத்த அட்டை, அடுத்த அட்டை என்று காட்டிவிட்டு, “அவ்வளவுதான் ஐயா. இப்ப இதே மாதிரி என் மூஞ்சியப் பாருங்க” என்றாள். அப்பா அவள் மூஞ்சியை நேராகப் பார்த்தார். “தெரியுதா?” “தெரியுதும்மா.” “என்ன கலர்ல பொட்டு வெச்சிருக்கேன்?” “செவப்பு.” அவள் பொட்டே வைத்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவாகவே பேசினார், எனக்கு என்று இல்லாமல் முன் சீட்டின் முதுகுக்குச் சொல்கிற மாதிரி. “ஆள நேராப் பாத்து டிக்கெட் கேட்டவன் நானு. ஓரக்கண்ணால பாக்கறவன் யாருன்னு தெரியுமா? டிக்கெட் எடுக்காதவன். ஜன்னலப் பாக்கற மாதிரியே என்னப் பாத்துட்டு வருவான். அந்தப் பொண்ணு என்னையும் அப்படிப் பாக்கச் சொல்லுது. அதுவும் ஒரு வயசுப் பொண்ணு மூஞ்சிய.” அதற்கப்புறம் அப்பா அந்தப் பயிற்சிக்குப் போகவில்லை. அட்டைகளை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

என்ன சொல்வது, நானே வாழ்க்கை முழுக்க அப்படிப் பார்க்கிறவள். சின்ன வயதில் யாராவது வீட்டுக்கு வந்து பெயரென்ன என்று கேட்டால் நான் தரையைப் பார்ப்பேன், அப்பா “ஆளப் பாத்து பதில் சொல்லு ஹேமா, தரையில என்ன எழுதியா இருக்கு” என்பார். தரையைப் பார்த்தபடியே எனக்கு எல்லாம் தெரிந்தது என்பது அவருக்குத் தெரியாது. வந்தவரின் சட்டைக் காலர் கிழிசலை மறைக்க உட்புறமாகத் திருப்பித் தைக்கப்பட்டிருந்தது, அம்மா காபியை இரண்டாவது முறை சுட வைத்தாள், அப்பா கடிகாரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார், எல்லாம் என் ஓரத்தில் வந்து நின்றன. நேராகப் பார்த்தால் எல்லாரும் முகத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள், ஓரத்தில்தான் அப்படியே இருக்கிறார்கள். இப்போதுகூட, அப்பா தம்ளரை எடுக்கும் முன்னால் சுண்டுவிரலை மட்டும் முன்னே அனுப்பித் தடவுவது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வீட்டையே மாற்றி வைத்துவிட்டாள், தம்ளர் எப்போதும் ஜன்னல் மூலையில், செருப்பு வாசற்படிக்கு வலது பக்கம், மாத்திரை டிவிக்கு மேல். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்னால் அது வந்துவிடும் என்கிற மாதிரி. அது எப்போதோ வந்து எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சில நேரம் நினைப்பேன், அப்பாவுக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே ஒரு பொருள் என்னிடம் நிறைய இருக்கிறது, மற்றவர்கள் கூச்சம் என்று சொல்கிற இந்தப் பார்வை, எனக்குப் பழகிப் பழகித் தேய்ந்துபோன இது, இதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

“சிஸ்டர், எது போடட்டும்?” எபினேசர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு யாருக்கோ புழு இரை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். எது போடட்டும். எனக்கு எதுவும் தெரியவில்லை, இங்கே எதுவும் தெரியாது, இங்கே ஒன்று மாற்றி ஒன்று மாட்டினாலும் எல்லா வெளிச்சமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி அப்பாவின் முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன், அவர் கண் இருக்கிற உயரத்துக்கு என் கண்ணைக் கொண்டுவந்தேன். அங்கிருந்து பார்த்தால் தொட்டியே வேறு. கண்ணாடியில் முதலில் மேலே இருந்த டியூப்லைட்டுகள் வரிசையாக நின்றன, அவற்றுக்குப் பின்னால் வாசல் வெயில் ஒரு வெள்ளைக் கதவு மாதிரி, அதற்குப் பின்னால் அப்பாவின் சட்டை, என் முகம், இத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு போனால்தான் மீன். அந்த மீனும் கறுப்பாக, நிழலாக, ஏனென்றால் விளக்கு பின் விளிம்பில் இருக்கிறது, வெளிச்சம் மீனின் முதுகுக்குப் பின்னால் விழுகிறது, நம் பக்கம் இருக்கிற உடம்பு இருட்டில் நிற்கிறது. அதற்கும் பின்னால் பவளப்பாறை போட்ட ஒரு படத்தை ஒட்டியிருக்கிறார்கள், சிவப்பு, மஞ்சள், ஊதா, அதற்குள் எது மீன், எது படம். நல்ல கண்ணுக்கே இப்படி. எவ்வளவு எளிதாக இருந்தது அது, இத்தனை நாள் எந்த நிறம், எந்த நிறம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருப்பதை முன்னால் வைக்க வேண்டும். முன் விளிம்பில், உட்புறமாகச் சாய்த்து, பால் மூடி போட்ட அந்த விளக்கை. பின்னால் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு. மேலே இருக்கிற டியூப்லைட் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்ல வேண்டும்.

அண்ணா, மேல் லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா. கொஞ்சம் அண்ணா, மேல் லைட்டை. மேல இருக்கற லைட்டை எல்லாம் ஒரு நிமிஷம். வாக்கியத்தை வாயில் திருப்பித் திருப்பி வைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, வியாபார நேரம், கடையில் இவ்வளவு பேர், இருட்டில் யாராவது தொட்டிமேல் மோதினால். எதுக்கு என்று கேட்பார். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், பச்சைத் துப்பட்டா கேட்கும், அவள் கணவன் கேட்பான், எல்லாரும் ஐயோ பாவம் என்று அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள், அப்பாவுக்கு அவர்கள் முகம் தெரியாது, ஆனால் அத்தனை பேரும் திரும்புவது தெரியும், ஓரத்தில் அசைவு நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம். இந்த விளக்கை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் முன்னால் மாட்டிப் பார்க்கலாம். வீட்டில் ஐந்து மணிக்கு வரதன் வருவார், நல்லா இருக்கு என்பார் அப்பா, நல்லா இருக்கு வரதா, எடுத்துட்டுப் போ. தொட்டி போன இடத்தில் சுவரில் ஒரு வெளுத்த சதுரம் இருக்கும். அண்ணா என்றேன். சொல்லிவிட்டேனா, உள்ளேயே நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை, மோட்டார் சத்தம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அண்ணா. இரண்டாவது முறை வெளியே வந்தது, ஆனால் குள்ளமாக, இடுப்பளவுதான் எழும்பியது. “ஏங்க, கடைக்காரரே, அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா என்னமோ கேக்குது பாருங்க” என்றாள் பச்சைத் துப்பட்டாக்காரி, அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எந்தக் கண்ணாடி வழியாகவோ.

“சொல்லுங்க சிஸ்டர்.”

“மேல இருக்கற லைட்டை எல்லாம் அணைச்சுட்டு இது ஒண்ண மட்டும் போட்டுக் காட்டுங்கண்ணா. பின்னால வேணாம். முன்னால, இந்த விளிம்புல.”

“முன்னால வெச்சா பாக்கறவங்க கண்ணுல அடிக்குமே.”

“உள்பக்கமாச் சாய்ச்சா அடிக்காது. மூடியோட விளிம்பு மறைச்சுக்கும். பின்னால அந்தப் படத்துக்குப் பதிலா ஏதாவது கறுப்பா.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, யாரோ பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. எபினேசர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், அப்பாவின் முழங்கால்மேல் இருந்த கைகளைப் பார்த்தார், எதுக்கு என்று கேட்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் குப்பைப் பையை எடுத்துக் கிழித்து, பவளப்பாறைப் படத்தை உரித்துவிட்டுத் தொட்டியின் பின்னால் தொங்கவிட்டார், விளக்கை முன்னால் கொண்டுவந்து சாய்த்து ஒட்டினார், வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். “எல்லாரும் அப்படியே நில்லுங்க. ஒரு நிமிஷம் லைட்டு போவுது. கையில மீனு வெச்சிருக்கவங்க பையக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க.” “பில்லு போடறப்ப அணைக்காத எபி, போதும்” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது, அப்புறம் டியூப்லைட் வரிசை அணைந்தது, பிறகு ஒவ்வொரு தொட்டியாக, பிங்க், நீலம், வெள்ளை என்று அணைந்துகொண்டே வந்து, கடையில் இந்த ஒரு தொட்டி மட்டும் மிஞ்சியது.

நான் குந்தியபடியே இருந்தேன். கண்ணாடியில் கூட்டம் போய்விட்டது, டியூப்லைட் இல்லை, வாசல் இல்லை, நான் இல்லை. கறுப்புக்கு முன்னால் ஏஞ்சல் மீன்கள் வெட்டி வைத்த மாதிரி நின்றன, வெள்ளி உடம்பும் அதன் குறுக்கே கறுப்புப் பட்டையும் மேலும் கீழும் நீண்ட துடுப்பும், ஒவ்வொரு செதிலும் நம் பக்கம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு. இருட்டில் யாரோ “அட” என்றார்கள். மோட்டார்களின் மழைச் சத்தம் இப்போதுதான் முழுதாகக் கேட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, திரும்பாமல் பார்த்தேன், அவர் தொட்டியை நேராக, கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கும்மா” என்றார். நீல விளக்குக்குச் சொன்ன அதே குரல்.

ஆமாம்ப்பா என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எவ்வளவு சுலபமான சொல் அது. எழுந்து விளக்கைப் பையில் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

“எனக்குத் தெரியும்ப்பா” என்றேன்.

“என்ன தெரியும்?”

“நேராப் பாத்தா உங்களுக்குத் தெரியலன்னு.”

அவர் அசையவில்லை. கைகள் மட்டும் முழங்காலை மெதுவாகத் தேய்த்தன, வேட்டியின் சரசரப்பு எனக்குக் கேட்டது. இதோ வந்துவிட்டது, சொன்னேன், வந்துவிட்டது, கடை இடிந்து விழவில்லை, மீன்கள் அப்படியே நிற்கின்றன.

“உங்கம்மாவுக்கு?”

“தெரியும்ப்பா.”

“சொல்லவேயில்ல அவ.”

“தம்ளர ஒரே எடத்துல வெக்கறாங்கல்ல.”

அப்பா மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டார். அழுகிறாரோ என்று பதறினேன், இல்லை, சிரிப்புதான், அம்மா பரிமாறும்போது அடம்பிடித்து ஒரு கரண்டி கூடப் போட்டுவிட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. எனக்குத் தைரியம் வந்தது. இருட்டில் பேசுவது எனக்கு எப்போதும் வரும்.

“அந்தப் பெரிய ஏஞ்சல் நம்மளத்தான் பாக்குதுப்பா. நேரா இல்ல. அதுக்குக் கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் இருக்கு. பக்கவாட்டுல திரும்பி நின்னுதான் நம்மளப் பாக்க முடியும் அதால.”

“அது மீனு.”

“ஆமா. மீனுக்கு என்ன மரியாத. ஓரமாப் பாத்தா அது ஒண்ணும் கோச்சுக்காது.”

“டிக்கெட் எடுத்திருக்கா அது?”

“நான் எடுத்துட்டேன்ப்பா.”

எபினேசர் வாசல் பக்கத்தில் செருமினார், ஆனால் சுவிட்சைத் தொடவில்லை. பச்சைத் துப்பட்டாக்காரி கணவனிடம் ஏதோ கிசுகிசுத்தாள், அவன் “இரு” என்றான்.

“யாராவது பாக்கறாங்களா ஹேமா?” குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சுற்றிப் பார்த்தேன். தொட்டியின் வெளிச்சம் எட்டுகிற வரைக்கும் முகங்கள் தெரிந்தன, கன்னமும் நெற்றியுமாக, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி. “இருட்டா இருக்குப்பா. எல்லாரும் மீனத்தான் பாக்கறாங்க.”

அப்பா ஒரு தடவை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு முகத்தைத் தொட்டியிலிருந்து திருப்பினார், மெதுவாக, வாசல் பக்கம், பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் கோடு போட்டிருந்த இடம் வரைக்கும், அங்கே நிறுத்தினார். அப்படியே இருந்தார். முழங்காலிலிருந்து வலது கை எழுந்து, முன்னால் நீண்டு, கண்ணாடியின் இடது மூலையில் தனியாக நின்றிருந்த சின்ன ஏஞ்சல்மேல் ஆள்காட்டி விரலை வைத்தது. மீன் நகர்ந்தது. விரலும் கூடவே நகர்ந்தது.